ரேடியோ செட்டிலிருந்து பாட்டுக் கணினிக்கு: நரிக்குடி வட்டாரத்தில் ஒலிக்கருவிகளைப் பொருத்திய வரலாறு

வீட்டில் கூட்டிய பாட்டுக் கணினி என்பது, ஒரு வீட்டின் பாட்டுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய அறையில் ஒலிக்கச் செய்யும் சிறு கணினி. இதைக் கடையில் முழுப் பொருளாக வாங்குவதில்லை. மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மின்வழங்கி, ஒலி அட்டை, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று தனித்தனியே வாங்கிக் கூட்டுவார்கள். ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் உயர்ந்ததாக இருக்கலாம். ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பாட்டு வராது, அல்லது இரைச்சலோடு வரும். ஆகவே இதில் முதல் வேலை விலையை ஒப்பிடுவதன்று, பொருத்தம் பார்ப்பது. அந்த வேலை கணினியோடு பிறந்ததும் அன்று. திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய காலத்திலிருந்தே தமிழகத்துச் சிற்றூர்களில் அது ஒரு தொழிலாக இருந்து வந்திருக்கிறது.

நரிக்குடி, விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில், விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் இருக்கும் ஊர். 1985இல் மாவட்டம் பிரியும் வரை இது ராமநாதபுரத்தோடு இருந்தது. கிருதுமால் நதியும் குண்டாறும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் பகுதி. கண்மாயை நம்பிய வேளாண்மை, மிளகாய், பருத்தி, சீமைக்கருவேலக் கரிமூட்டம் ஆகியவை இந்த மண்ணின் பிழைப்பு. மேற்கே நெசவு ஊரான அருப்புக்கோட்டை, கிழக்கே மண்பாண்ட ஊரான மானாமதுரை, வடக்கே மதுரை. ஒலிக்கருவிகளும் உதிரிப் பாகங்களும் பெரும்பாலும் மதுரையிலிருந்தே வர வேண்டும். பொருந்தாத பாகத்தை வாங்கி வந்துவிட்டால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வீண். வெயில், புழுதி, நிலையில்லாத மின்னழுத்தம் மூன்றும் ஆண்டு முழுவதும் கருவிகளைச் சோதிக்கும். இத்தகைய ஊர்களில்தான் பொருத்தம் பார்க்கும் அறிவு நுணுக்கமாக வளர்ந்தது.

பேட்டரியும் வால்வும்

ஒலிபெருக்கி இந்தியப் பொதுவாழ்வில் பரவியது 1930களில். காங்கிரஸ் மாநாடுகளுக்கு நானிக் மோட்வானேயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 1940இல் டெல்லியில் அகுஜா நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் தமிழகத்தின் மைக் செட் கடைகளில் அதிகம் காணப்பட்ட பெயர் அதுவே. அரசியல் கூட்டம், இசை நாடகம், கோயில் பொங்கல், கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் ரேடியோ செட் எனப்பட்ட ஒலிபெருக்கித் தொகுதி வேண்டியதாயிற்று. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களுக்கு மைக் வந்த பிறகு கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் வசனம் தெளிவாகக் கேட்டது.

அன்று ஊர்களில் மின்சாரம் இல்லை. சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது 1957 ஜூலை 1இல். சிற்றூர்களுக்குக் கம்பி பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். அதனால் தொடக்கக்கால ஆம்ப்ளிஃபயர்கள் பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ ஓடின. வால்வுக்குச் சில நூறு வோல்ட் வேண்டும். கார் பேட்டரி தருவது 6 அல்லது 12 வோல்ட். இடையில் அந்த மின்சாரத்தை விட்டுவிட்டு ஓட வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏற்றித் தரும் அதிர்வி ஒன்று இருக்கும். 6 வோல்ட்டுக்குச் செய்த செட்டில் 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் வால்வின் இழை கருகும். செட்டுக்கேற்ற பேட்டரி என்பதே இத்தொழிலின் முதல் பாடம்.

இரண்டாம் பாடம் சுமை. வால்வு ஆம்ப்ளிஃபயர் பல ஆயிரம் ஓம் சுமையை எதிர்பார்க்கும்; குழாயில் ஒலி எழுப்பும் யூனிட்டோ 8 அல்லது 16 ஓம்தான். இந்த வேறுபாட்டைச் சரிசெய்வது ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். யூனிட்டை இணைக்காமல் வால்வு செட்டை முழு ஒலியில் ஓட்டினால் அந்த டிரான்ஸ்ஃபார்மரே பழுதாகும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. அதைச் சுமையில்லாமல் விடலாம். அளவுக்கு மீறிய யூனிட்டுகளைக் கட்டிச் சுமையின் ஓம் மதிப்பைக் குறைத்தால்தான் கருகும். வால்விலிருந்து டிரான்சிஸ்டருக்கு மாறிய காலத்தில் பழைய பழக்கத்தை விட்டுப் புதியதைக் கற்றவர்களே கருவியைக் காத்தார்கள்.

குழாயும் கம்பியும்

தெருவின் இரு முனைகளிலும், கோயில் கோபுரத்திலும், வேப்பமரத்திலும் குழாய் கட்ட வேண்டுமென்றால் கம்பி நீளும். அங்கே எளிய கணக்கு ஒன்று உண்டு. 16 ஓம் யூனிட்டுகள் இரண்டைப் பக்க இணைப்பில் கட்டினால் 8 ஓம், நான்கைக் கட்டினால் 4 ஓம். இரண்டைத் தொடராகக் கட்டினால் 32 ஓம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று முனைகள் இருக்கும். கூட்டிக் கிடைத்த எண்ணுக்கு எந்த முனையோ அதில்தான் கம்பியைத் திருக வேண்டும்.

நீளம் கூடினால் இந்தக் கணக்கும் போதாது. போய்வரும் கம்பியின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 8 ஓம் சுமைக்குப் போகும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கம்பியிலேயே சூடாகிப் போகும். அதே 100 வாட்டை 100 வோல்ட் முனையிலிருந்து அனுப்பி, ஒவ்வொரு குழாயின் அடியிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொண்டால், வீணாவது ஐம்பதில் ஒரு பங்குதான். மின்வாரியம் நெடுந்தூரத்துக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்பும் அதே தத்துவம் இது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே சீராகப் பாட்டுக் கேட்கும் ஊர்த் திருவிழாக்களில் இந்த 100 வோல்ட் இணைப்பே வேலை செய்தது. ஒரே ஒரு குழாயை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக அதில் கட்டிவிட்டால் அந்த யூனிட் அப்போதே போகும். கலந்து கட்டக் கூடாது என்ற விதி அதனால் வந்தது.

தட்டும் ஊசியும்

குழாய்க்குள் போகும் பாட்டு முதலில் இசைத்தட்டிலிருந்து வந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் 1908 முதல் அரக்குத் தட்டுகள் அச்சாயின. நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. அமெரிக்காவில் 1948இல் 33⅓ சுற்றில் ஓடும் நெடுந்தட்டும், 1949இல் 45 சுற்றுத் தட்டும் வந்தன. இந்தியாவில் இவை பரவிய பின்னும் அரக்குத் தட்டுகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே கடையில் மூன்று வேகத் தட்டுகளும் இருந்ததால் மூன்று வேகமும் உள்ள பிளேயர் வேண்டும்.

வேகம் மட்டும் பொருந்தினால் போதாது. அரக்குத் தட்டின் பள்ளம் அகலம். அதன் ஊசிமுனை ஏறக்குறைய 75 மைக்ரான். நெடுந்தட்டின் பள்ளம் மெலிது. அதற்கு 25 மைக்ரான் முனை. பெரிய முனையை மெல்லிய பள்ளத்தில் ஓட்டினால் தட்டு தேயும். சிறிய முனையை அகலப் பள்ளத்தில் ஓட்டினால் ஊசி அடிமட்டத்தில் உரசி இரையும். இருபுறமும் இரு முனைகள் கொண்ட, திருப்பி வைக்கக்கூடிய ஊசி இதற்காகவே வந்தது.

ஊசி பொருந்தும் தலையிலும் வகை உண்டு. படிக வகைத் தலை சில நூறு மில்லிவோல்ட் தரும். அதை நேராக ஆம்ப்ளிஃபயரின் பாட்டு வாயில் கொடுக்கலாம். காந்த வகைத் தலை தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். இடையில் தனி முன்பெருக்கி வேண்டும். காந்தத் தலையே துல்லியமானது என்றாலும் திருவிழாக் கடைகள் படிகத் தலையை வைத்துக்கொண்டதற்குக் காரணம், கையிலிருந்த செட்டுக்குப் பொருந்தியது அதுவே என்பதுதான்.

கேசட் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியது. நாடா அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இந்த அளவுகளை பிலிப்ஸ் எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டதால், எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டு டெக்கிலும் ஓடியது. ஒலிக்கருவி வரலாற்றில் பொருத்தத்தின் மிகப் பெரிய வெற்றி இதுவே.

தமிழகத்தில் இதன் பொற்காலம் 1980கள். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். எக்கோ, இன்ரிகோ போன்ற நிறுவனங்களின் படப்பாடல்கள் கேசட்டாகக் கடைக்கு வந்தன. சிறு நகரங்களில் பாட்டுப் பதிவுக் கடைகள் முளைத்தன. வாடிக்கையாளர் நோட்டில் பாட்டுகளை எழுதித் தருவார். கடைக்காரர் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் அவற்றை வரிசையாகப் பதிந்து தருவார். ஒரு வீட்டின் விருப்பத்துக்கேற்ப ஒரு தொகுப்பு என்ற எண்ணம் இங்கேதான் பொதுமக்களிடம் வேரூன்றியது. இன்றைய பாட்டுக் கணினி செய்வதும் அதையே, பெரிய அளவில்.

கேசட்டிலும் பொருத்தம் பார்க்க வேண்டியவை இருந்தன. சாதாரண நாடா, குரோம் நாடா என்ற இரு வகைக்கும் பதிவின் அளவுகள் வேறு. குரோம் நாடாவைச் சாதாரண நிலையில் பதிந்தால் குரல் கூர்மை மாறிக் கேட்கும். டெக்கின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தால், அதில் பதிந்த நாடா அதில் மட்டுமே நன்றாக ஒலிக்கும். வேறு டெக்கில் மங்கும். 120 நிமிட நாடா மிக மெலிது. மலிவு டெக்கில் சுற்றிக்கொள்ளும்.

படப்பாடல்களோடு வேறொன்றும் கேசட்டில் ஏறியது. இசை நாடகங்கள், கும்மிப் பாட்டுகள், ஒப்பாரிகள், கோயில் வில்லிசை என்று எந்த நிறுவனமும் தட்டாக வெளியிடாத பல, ஊர்க்காரர் கையிலிருந்த டேப்பில் பதிந்தன. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

கூட்டிய ஆம்ப்ளிஃபயரும் மண்பானையும்

கேசட்டோடு வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கூட்டும் பழக்கம் வளர்ந்தது. சான்யோவின் எல்.ஏ.4440 என்ற ஐ.சி., 13.2 வோல்ட்டில் இரு பக்கத்துக்கும் 6 வாட் தரும். இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கட்டினால் 19 வாட். கார் பேட்டரியிலேயே ஓடும் என்பதால் டிராக்டர், மினி பஸ், பெட்டிக்கடை எல்லாவற்றிலும் அது இடம்பிடித்தது. அதைவிடக் கூடுதல் ஒலி வேண்டியவர்கள் டி.டி.ஏ.2030 ஐ.சி.யையோ, 2என்3055 டிரான்சிஸ்டர் போர்டையோ வாங்கினார்கள். சென்னை ரிச்சி தெருவிலும் மதுரைக் கடைகளிலும் அச்சிட்ட போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர், வால்யூம் எல்லாம் தனித்தனியே கிடைத்தன.

இங்கே தவறு நேர்ந்த இடம் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர். 12 வோல்ட் மாறுமின்சாரத்தை டையோடில் திருத்திக் கண்டன்சரில் தேக்கினால் சுமையில்லாதபோது ஏறக்குறைய 17 வோல்ட் நிற்கும். எல்.ஏ.4440இன் உச்ச எல்லை 18 வோல்ட். ஊரில் மின்னழுத்தம் இரவில் 230லிருந்து 250க்கு ஏறினால் அந்த எல்லை தாண்டும், ஐ.சி. போகும். அனுபவப்பட்டவர்கள் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தார்கள். சற்றுக் குறைந்த ஒலி, நீண்ட ஆயுள். வறண்ட நிலத்து மின்கம்பிக்குப் பொருந்திய தேர்வு அது.

ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும். மரப்பெட்டிக்குப் பதில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரை வைக்கும் வழக்கம் தென் மாவட்டங்களில் பரவியது. பானைக்குள் அடைபட்ட காற்று தாழ்ந்த சுருதியை வலுப்படுத்தும். வாய் ஸ்பீக்கர் விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். வயிறு சிறுத்தால் தாழ்ந்த ஒலி எழாது, ஸ்பீக்கரின் அளவுக்கு மீறிப் பெருத்தால் ஒலி குழறும். நன்றாகச் சுட்ட, விரிசலில்லாத பானையே உதவும். தொழிற்சாலைப் பெட்டி செய்பவர் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்ப்பதை இவர்கள் தட்டிப் பார்த்தும் கேட்டுப் பார்த்தும் செய்தார்கள்.

எண்ணாகிய பாட்டு

1982இல் வந்த சி.டி., ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதியது. ஐந்து நிமிடப் பாட்டுக்கு அதில் ஏறக்குறைய 50 மெகாபைட். ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தின் ஆய்வில் உருப்பெற்ற எம்.பி.3 முறை அதைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஒரு சி.டி.யில் பத்துப் பதினைந்து பாட்டு இருந்த இடத்தில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது.

கணினியில் பாட்டுக் கேட்க ஒலி அட்டை வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அதற்கு வழி திறந்தது. அந்நாளில் அட்டையைச் செருகினால் மட்டும் போதாது. அது பயன்படுத்தும் முகவரி எண், குறுக்கீட்டு எண், நினைவக வழி எண் மூன்றையும் வேறு எந்த அட்டையும் எடுத்துக்கொள்ளாதபடி கையால் அமைக்க வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே எண்ணைக் கேட்டால் கணினி உறைந்துவிடும். 1997இல் இன்டெல் ஏ.சி.97 என்ற பொது முறையை வகுத்த பின் ஒலி மதர்போர்டிலேயே வந்தது. இந்த முறைச் சில்லுகள் பல 48,000 அளவில் மட்டும் ஓடின, சி.டி. பாட்டின் 44,100 எண்களை ஓடும்போதே மாற்றிக் கணக்கிட்டன. மாற்றம் சரியாக அமையாத இடத்தில் தாளத்தின் கூர்மை மங்கியது. 2004இல் வந்த அடுத்த முறை இந்தக் குறையைத் தீர்த்தது.

2000களின் பிற்பகுதியில் செல்போன் கடைகள் பாட்டு ஏற்றும் நிலையங்களாயின. ஒரு கணினி, பெரிய ஹார்டு டிஸ்க், கார்டு ரீடர். இசையமைப்பாளர், நடிகர், சாமி பாட்டு என்று பிரித்த கோப்புறைகள். கிராமத்து இளைஞர் மெமரி கார்டைக் கொடுத்து நூறு பாட்டு ஏற்றிச் செல்வார். பழைய பதிவுக் கடையின் நேர் வாரிசு அது. வறண்ட நிலத்து மக்கள் முதலில் கண்ட பாட்டுக் கணினியும் அதுவே. கார்டு, பென் டிரைவ் எதுவாயினும் ஃபேட்32 முறையில் வடிவமைத்து, எம்.பி.3 ஆகப் பாட்டு ஏற்றினால்தான் பஸ்களிலும் டீக்கடைகளிலும் இருந்த மலிவுப் பிளேயர்கள் படித்தன. கடைக்காரருக்கு அது மனப்பாடம்.

வீட்டில் கூட்டும் கணினி

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர் வழியே முதன்முறையாகக் கணினி நுழைந்த வீடுகள் பல. படிப்பு முடிந்த பின் அந்த மடிக்கணினியோ, அலுவலகங்கள் கழித்துப் போட்ட மேசைக் கணினியோ வீட்டின் பாட்டுக் கணினிக்கு மூலப்பொருளானது. அங்கிருந்து பாகம் தேடும் வேலை தொடங்கும்.

பழைய போர்டில் முதலில் பார்க்க வேண்டியது ராம். டி.டி.ஆர்., டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஆகியவை முறையே 2.5, 1.8, 1.5, 1.2 வோல்ட்டில் இயங்கும். இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு மேசைக் கணினியில் கால்கள் 240தான் என்றாலும் வெட்டு வேறிடத்தில் இருக்கும், அழுத்தினால் உடையும். அடுத்தது ஹார்டு டிஸ்க் என்ற வட்டு. 2003க்கு முந்தைய போர்டுகளில் அகன்ற பட்டைக் கம்பி, அதன் பின் மெல்லிய சாட்டா கம்பி. மிகப் பழைய போர்டுகள் 137 ஜிகாபைட்டுக்கு மேல் வட்டைக் காணா; பழைய பயாஸ் கொண்டவை 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டிலிருந்து தொடங்கத் தடுமாறும். பாட்டுக்கு இவ்வளவு இடமும் தேவையில்லை. ஒலித்தரம் குறையாத ஃபிளாக் முறையிலும் 1 டெராபைட்டில் முப்பதாயிரம் பாட்டு அடங்கும்.

பாட்டு ஓட்டுவதற்கு வேகமான செயலி வேண்டியதில்லை. அமைதியான கணினி வேண்டும். தைவானின் வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய 17 சென்டிமீட்டர் சதுர மினி-ஐ.டி.எக்ஸ். போர்டும், 2008இல் வந்த இன்டெல் ஆட்டம் செயலியும் விசிறியில்லாக் கணினியைச் சாத்தியமாக்கின. வறண்ட நிலத்துக்கு இது இரட்டை நன்மை. விசிறி புழுதியை இழுத்து ஹீட்சிங்கின் பற்களுக்கிடையே திணிக்கும். சில மாதத்தில் காற்று அடைபட்டு, சித்திரை வெயிலில் கணினி தானே நின்றுவிடும். விசிறியில்லாத பெட்டியை ஓட்டு வீட்டுக் கூரையருகே வைக்காமல், தரையை ஒட்டிய நிழலில், சுற்றிலும் நான்கு விரல் இடம்விட்டு வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

இத்தகைய சிறு போர்டுகளில் பல 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தபோது, பழைய கார் பேட்டரி மீண்டும் பாட்டுக்குத் துணையாயிற்று. ஆனால் மின்னேற்றத்தில் இருக்கும் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். மின்னேற்றம் தீரும் நேரத்தில் 11க்கு இறங்கும். நிலையான 12 வோல்ட்டை மட்டும் ஏற்கும் மின்வழங்கிச் சிறுபலகை அதைத் தாங்காது. விரிந்த எல்லையை ஏற்கும் வகையே பேட்டரிக்குப் பொருந்தும். வால்வு செட்டின் முதல் பாடம் அரை நூற்றாண்டு கழித்து அப்படியே திரும்பியது.

2012 பிப்ரவரியில் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கை அளவிலான முழுக் கணினி. வெளிவந்தபோது அதன் விலை 35 டாலர். பாட்டுக் கணினிக்குப் பலர் எடுக்கும் போர்டு அது. அதிலும் தலைமுறைக்குத் தலைமுறை பொருத்தம் மாறும். முதல் வகையில் 26 ஊசிகள். 2014இல் வந்த வகை முதல் 40. புதிய ஒலிப் பலகையைப் பழைய போர்டில் செருக முடியாது. 2019இல் வந்த நான்காம் வகையின் முதல் அச்சு, சில மடிக்கணினிச் சார்ஜர் கம்பிகளை ஏற்கவில்லை. 2023இல் வந்த ஐந்தாம் வகையில் ஒலித் துளையே இல்லை. எந்த வகையானாலும் மெல்லிய செல்போன் கம்பியில் மின்சாரம் கொடுத்தால் 5 வோல்ட் இறங்கி, பாட்டு நடுவில் அறுபடும்.

ஒலி வெளியேறும் வழி தனியே தேர வேண்டியது. பாட்டின் எண்களை மீண்டும் ஒலியலையாக்கும் கருவி ஒலிமாற்றி. யு.எஸ்.பி. வழியே இணையும் ஒலிமாற்றிகளில் முதல் வகுப்பு, 24 பிட் 96,000 அளவு வரை தரும். எல்லா இயங்குதளமும் அதை உடனே அறியும். இரண்டாம் வகுப்பு அதைவிட உயர்ந்த அளவுகளைத் தரும். லினக்ஸ் அதை 2010ஐ ஒட்டி ஏற்றது. விண்டோஸ் 2017இல்தான் தன்னுள் சேர்த்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் கணினியில் தயாரிப்பாளர் தந்த மென்பொருளை நிறுவினால்தான் கருவி பேசும். பாட்டை ஓட்டும் மென்பொருளும் போர்டைப் பார்த்தே அமையும். 2003இல் வந்த எம்.பி.டி. பழைய கணினியிலும் ஓடும். ராஸ்பெரி பைக்கு வொலூமியோ போன்ற ஆயத்தத் தொகுப்புகள் உண்டு.

கடைசிக் கம்பி ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. நல்ல ஒலிமாற்றி 2 வோல்ட் வரை தரும். பழைய ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் வாய் சில நூறு மில்லிவோல்ட்டுக்கே நிறைந்துவிடும். கணினியில் ஒலியைக் குறைக்காமல் இணைத்தால் பாட்டு கரகரக்கும். கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வெவ்வேறு பிளக்கில் எர்த் இருந்தாலோ, எர்த்தே இல்லாவிட்டாலோ ஹம் என்ற இரைச்சல் கேட்கும். இரண்டையும் ஒரே பலகையில், முறையான எர்த்தோடு இணைத்தால் பெரும்பாலும் அடங்கும். வீட்டுக் கணினியைக் கோயில் செட்டோடு இணைப்பவர் இடது, வலது இரண்டையும் தடைகள் வழியாக ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால், 1970களுக்குப் பிந்தைய ஸ்டீரியோப் பாட்டுகளில் வயலினோ தபேலாவோ காணாமல் போகும்.

பாட்டின் பெயரும் பொருந்த வேண்டும். யூனிகோடுக்கு முன் தமிழ் எழுத்துகளுக்குப் பல குறியீடுகள் இருந்தன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற முறைகளையும், 2010இல் யூனிகோடையும் ஏற்றது. பழைய எம்.பி.3 கோப்பில் பாட்டின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 30 பைட். யூனிகோடின் வழக்கமான யு.டி.எஃப்.-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுப்பதால், பத்துக் குறிகளோடு பெயர் முறிந்துவிடும். புதிய வகைப் பெயரட்டையும், யூனிகோட் எழுத்துருவும் உள்ள மென்பொருளில்தான் தமிழ்ப் பெயர் முழுதாகத் தெரியும்.

தேர்வின் வரிசை

இந்த நெடிய வரலாறு ஒரு வரிசையைக் கற்றுத் தருகிறது. ரேடியோ செட் கட்டியவர் ஆம்ப்ளிஃபயரை எடுக்குமுன் எத்தனை குழாய், எவ்வளவு தூரம் என்றே கேட்டார். பாட்டுக் கணினியையும் அவ்வாறே கடைசியிலிருந்து முதலுக்குத் தேர வேண்டும். முதலில் அறையும் ஸ்பீக்கரும், அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர், அதற்கேற்ற ஒலிமாற்றி, அதை அறியும் இயங்குதளம், அது ஓடும் போர்டு, போர்டு ஏற்கும் ராமும் வட்டும், அனைத்தையும் தாங்கும் மின்வழங்கி. விலை உயர்ந்த போர்டை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைத் தேடுபவர் இரண்டு முறை செலவழிப்பார்.

கணினி கூட்டிய வீடுகள் முதலில் ஏற்ற வேண்டியவை, இணையத்தில் எங்கும் கிடைக்கும் படப்பாடல்கள் அல்ல. பரணில் கிடக்கும் நாடகக் கேசட்டும் பாட்டியின் ஒப்பாரிக் கேசட்டும் முதலில் ஏற வேண்டும். வெயிலும் புழுதியும் நாடாவை ஆண்டுதோறும் அரிக்கின்றன. ஓடும் டெக்குகள் குறைகின்றன, பழுது பார்ப்பவர்களும் குறைந்து வருகிறார்கள். ஹெட்டைச் சுத்தம் செய்த டெக்கில் ஒரு முறை ஓட்டி, ஃபிளாக் முறையில் பதிந்து, இரண்டு வட்டுகளில் இரண்டு வீடுகளில் வைப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதை இந்த ஆண்டே செய்துவிட வேண்டும்.